கண்ணாடிக் கால்வாய்

திண்டுக்கல்லில் தண்ணீர் வந்ததா, வரவில்லையா என்று கேட்காத ஆள் கிடையாது. தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று கேட்ட ஆள், அறுபதுகளின் கடைசியில், எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். "குழாயில சொட்டுறதுக்கே வழியக் காணோம், இதுல வேகம் ஒண்ணுதான் கேடு" என்று கல்லூரி ஆசிரியர் அறையில் என் காதுபடவே சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்துத் தொலையட்டும் என்று விட்டுவிடுவேன். எனக்கு அப்போதே வாய் கொஞ்சம் அதிகம். பதில் சொல்ல ஆரம்பித்தால் சண்டையில்தான் போய் முடியும்.

ஊருக்கு வெளியே இருந்த அந்தக் கல்லூரியில் நான் இயற்பியல் டெமான்ஸ்ட்ரேட்டர். பாடம் நடத்துவது வேறு ஆட்கள். பெண்டுலத்தைக் கட்டித் தொங்கவிடுவது, லென்ஸைத் துடைத்து வைப்பது, பிள்ளைகள் எடுக்கிற அளவு சரியா என்று பார்ப்பது, இதெல்லாம் என் வேலை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணன் சேவுகம்பட்டியில் பள்ளிக்கூட வேலையும் கொஞ்சம் தென்னையுமாகக் குடும்பத்தோடு இருந்தான். கிறிஸ்துமஸுக்குப் போவேன். "எப்பத்தான் எங்களுக்குக் கல்யாணச் சோறு போடப்போறீக?" என்று அண்ணி கேட்பாள். மறுநாள் பஸ் ஏறிவிடுவேன்.

திண்டுக்கல்லில் எனக்கு ஒரு அறை. காற்று திரும்பினால் தோல் பதனிடுகிற ஷாப்புகளின் வாடை வரும் தெரு. ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி கேட்கும், போய் பூசை பார்த்துவிட்டு வந்து துணி துவைப்பேன். சில நாள் படுக்கும்போது, இன்றைக்கு என்ன பேசினோம் என்று யோசித்துப் பார்ப்பேன். "ரீடிங் சரியா எடு", "கண்ணாடிய ஒடச்சிராத", "அரைக்கிலோ கத்திரிக்கா போடுங்க." இவ்வளவுதான் இருக்கும். நான் அழுமூஞ்சி கிடையாது. ஆனால் ஒரு மனுஷி நாள் முழுக்க இவ்வளவுதான் பேசினாள் என்றால் அவளுக்கு எப்படி இருக்கும்?

அந்தக் கால்வாய் இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்திருக்கும். ஆய்வுக்கூடத்தின் பின்னால் உடைந்த நாற்காலிகள் போட்டு வைக்கிற அறை ஒன்று இருந்தது. கேட்டு வாங்கிக்கொண்டேன். சாமி படங்களுக்குச் சட்டம் போடுகிற கடையில் கண்ணாடி வெட்டி வாங்கி, ஜன்னல் கண்ணாடிக்கு வைக்கிற மக்கு பூசி ஒட்டி, கட்டில் நீளத்துக்கு ஒரு கால்வாய் செய்தேன். மேலே ஒரு டிரம், கீழே ஒரு டிரம். மேலிருந்து கீழே தண்ணீர் ஓடும், நான் வாளியில் அள்ளி மறுபடி மேலே ஊற்றுவேன். ஜன்னலை அட்டையால் அடைத்து ஒரே ஒரு கீறல் மட்டும் விட்டிருந்தேன். காலை பத்து மணிக்கு மேல் அந்தக் கீறல் வழியாக வெயில் பலகை மாதிரி உள்ளே வந்து தண்ணீருக்குள் இறங்கும். அப்போது பார்க்க வேண்டும்! தண்ணீரில் இருக்கிற தூசி ஒவ்வொன்றும் தீப்பொறியாக மின்னிக்கொண்டு ஓடும். நடுவில் ஓடுவது வேகமாக, கண்ணாடி ஓரத்தில் ஓடுவது தயங்கித் தயங்கி. கீறலுக்கு முன்னால் ஒரு டேபிள் ஃபேனைச் சுழலவிட்டால் வெளிச்சம் விட்டு விட்டு விழும். அப்போது கேமராவில் படம் எடுத்தால் ஒவ்வொரு தூசியும் ஒரு புள்ளிக்கோடாகப் பதியும். புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அளந்தால் அந்த இடத்தில் தண்ணீரின் வேகம் கிடைத்துவிடும்.

இதை யாரிடம் சொல்வது? துறைத்தலைவரிடம் சொன்னேன். "நல்லதும்மா, பரீட்சைக்கு உபயோகமா?" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் கல்லூரி நூலகத்துக்கு வந்த ஒரு ஆங்கிலப் பத்திரிகையில் லேசரைப் பற்றிப் படித்தேன். ஒரே நிறத்தில், சிதறாமல் நேராகப் போகிற வெளிச்சம். அதை இரண்டு கற்றையாகப் பிரித்து, தண்ணீருக்குள் ஒரு புள்ளியில் குறுக்கே சந்திக்க விட வேண்டுமாம். சந்திக்கிற இடத்தில் வெளிச்சமும் இருட்டும் ஜன்னல் கம்பிகள் போல மாறி மாறி நிற்கும். அந்தக் கம்பிகளுக்குக் குறுக்கே ஒரு தூசி போனால் மினுக் மினுக்கென்று மின்னும். வேகமாகப் போனால் மின்னலும் வேகமாக இருக்கும். மின்னலை எண்ணினால் வேகம் தெரிந்துபோகும். படம் எடுக்க வேண்டாம், கழுவ வேண்டாம், ஸ்கேலை வைத்துக்கொண்டு கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். படித்துவிட்டு அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

பெங்களூரில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் அப்படி ஒரு கருவி செய்துகொண்டிருந்த தமிழ்க்காரப் பேராசிரியருக்கு எழுதினேன். நான் எடுத்த புள்ளிக்கோட்டுப் படங்களில் இரண்டை வைத்து அனுப்பினேன். பதில் வராது என்றுதான் நினைத்தேன். வந்தது. மதுரைக்கு ஒரு சொற்பொழிவுக்குக் கருவியோடு வருவதாகவும், திரும்புகிற வழியில் ஒரு சனிக்கிழமை காலை திண்டுக்கல்லில் இறங்குவதாகவும் எழுதியிருந்தார். என் கால்வாயில் அவர் கருவி சரியாக வேலை செய்தால், அவருடைய கூடத்தில் காலியாக இருக்கிற ஆராய்ச்சி மாணவர் இடத்தை எனக்கே தருவதாகவும் எழுதியிருந்தார்.

அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு நான் அழுதேன். படிப்புக்காக அழவில்லை. அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் பத்துப் பேராவது இருப்பார்கள், "ஓரத்துல ஏன் தண்ணி மெதுவா போகுது?" என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், டீ குடித்துக்கொண்டே சண்டை போடுவார்கள். எனக்கு அது வேண்டும். பேசுவதற்கு ஆள் வேண்டும். அதற்காகத்தான் அழுதேன்.

கல்லூரிக்குத் தண்ணீர் கொண்டுவருகிற அக்கா ஒருத்தி இருந்தாள். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். குழாய் வராத நாளில் ஊற்றுக் கிணற்றிலிருந்தோ குளத்திலிருந்தோ குடம் குடமாகச் சுமந்து வந்து ஊற்றுவாள். பிறந்தது கன்னிவாடியில், மலைக்குக் கீழே. வாக்கப்பட்டு வந்தது திண்டுக்கல். இந்த ஊர்த் தண்ணீர் மேல் அவளுக்கு இருந்த இளக்காரம் கொஞ்சநஞ்சம் இல்லை. "எங்கூரு ஓடையில ஒரு கை அள்ளிக் குடிச்சா அம்புட்டு ருசியா இருக்கும் டீச்சரம்மா. இதெல்லாம் ஒரு தண்ணியா? மாடு குடிக்குமா இதை?" என்பாள். ஆசிரியர் அறைப் பானையில் ஊற்றுவதற்கு முன்னால், பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை வைத்து நன்றாக உரசுவாள். அப்புறம் கலங்கல் தண்ணீரை ஊற்றி மூடி வைத்தால், செத்த நேரத்தில் சேறு எல்லாம் அடியில் படிந்து மேலே தெளிந்து நிற்கும். அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் செய்வதுதான். ஆனால் அவள் அதை ஒரு வைராக்கியத்தோடு செய்வாள்.

என் டிரம்மில் மட்டும் வந்தது வந்தபடியே ஊற்றுவாள். "இது குடிக்கிறதுக்கு இல்லக்கா, எப்படி இருந்தாலும் சரிதான்" என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். அதற்கு மேல் நாங்கள் பேசிக்கொண்டதில்லை. எனக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை, அவளுக்குத் தலையில் குடம்.

பேராசிரியர் வருவதற்கு முன்னால் இரண்டு நாளாக மழை. ஊரே சந்தோஷப்பட்டது, நான் ஒருத்திதான் வெயிலுக்காக வேண்டிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா கடைசிக் குடத்தை இறக்கிவிட்டு, "நாளைக்கு யாரோ பெரியவுக வாராகளாமே?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா. பெங்களூர்லருந்து. இந்தத் தண்ணிய வச்சுத்தான் பாக்கப்போறாரு."

"இந்தத் தண்ணியவா?" என்று டிரம்மை எட்டிப் பார்த்தாள். டீ மாதிரி இருந்தது. அவள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. "பரவால்லக்கா, நீ போ" என்று சொல்லிவிட்டுச் சாவியை வாட்ச்மேனிடம் கொடுக்கப் போனேன்.

சனிக்கிழமை நல்ல வெயில். பேராசிரியர் ஒரு மரப்பெட்டியும் தோள்பையுமாக வந்து இறங்கினார். மெலிந்த மனிதர், நல்ல சுபாவம். பகல் ரயிலைப் பிடித்தாக வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அறைக்குள் வந்து கால்வாயைத் தடவிப் பார்த்தார். "நீங்களே செஞ்சீங்களா? மக்குப் பூச்சுகூட நீங்களா?" என்றார். "ஆமா சார்" என்றேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு மேல் டிரம்மின் அடைப்பைத் திறந்து தண்ணீரை ஓடவிட்டேன். முந்தைய நாள் டீ மாதிரி இருந்த தண்ணீர் அன்றைக்குக் கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சுத்தமாக இருந்தது. ராத்திரி முழுக்க அசையாமல் நின்றதில் தானாகத் தெளிந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். "ஆகா, திண்டுக்கல்ல தண்ணி இவ்வளவு நல்லா இருக்குமா?" என்றார் அவர். அந்த ஊர்த் தண்ணீரைப் புகழ்ந்த முதல் மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, வெட்கக்கேடு!

ஜன்னல் கீறலையும் மூடிவிட்டுக் கருவியைப் போட்டார். அதுதான் நான் பார்த்த முதல் லேசர். காற்றில் இருந்த தூசியில் பட்டு, இழுத்துக் கட்டின சிவப்பு நூல் மாதிரி தெரிந்தது. இரண்டாகப் பிரிந்த அந்த நூல்கள் கண்ணாடிக்குள் நுழைந்ததும் காணாமல் போயின. மறுபக்கச் சுவரில் இரண்டு சிவப்புப் பொட்டாக வந்து விழுந்தன. வெளிச்சம் மின்னுவதைப் பிடித்துக் காட்டுவதற்கு ஒரு சின்னத் திரை வைத்திருந்தார். அதில் ஒரு பச்சைக் கோடு. தூசி போகிறபோதெல்லாம் அந்தக் கோடு அலை அலையாகத் துள்ள வேண்டும்.

துள்ளவில்லை. எப்போதாவது ஒருமுறை லேசாக நெளியும். அளந்து பார்ப்பதற்குள் அடங்கிவிடும்.

லென்ஸை நகர்த்தினார். கருவியின் கண்ணாடியைத் திருப்பினார். கரண்ட் குறைவாக வருகிறதோ என்று கேட்டார், ஓடிப்போய் விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் குலுங்கியதில் உள்ளே ஏதாவது கழன்றிருக்கும் என்று பெட்டியைத் திறந்து பார்த்தார். அவருக்கு அவர் கருவி மேல் சந்தேகம், எனக்கு என் கால்வாய் மேல் சந்தேகம். தண்ணீர் மேல் இரண்டு பேருக்கும் சந்தேகம் வரவில்லை. நான் வாளி வாளியாக மேலே ஊற்றிக்கொண்டே இருந்தேன். புடவை முழுக்க நனைந்துவிட்டது. மாதாவே, ஒரு தடவை துள்ளிவிடட்டும் என்று மனசுக்குள் ஜபம் ஓடிக்கொண்டிருந்தது.

கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் திரையை அணைத்தார். "வருத்தப்படாதீங்கம்மா. ஒரு நாள் வேலை செய்யும், ஒரு நாள் முரண்டு பிடிக்கும். எங்க கூடத்துல இன்னும் ரெண்டு மூணு பேர் விண்ணப்பம் போட்டிருக்காங்க... நான் எழுதுறேன்" என்றார். அந்த "எழுதுறேன்" எந்த வகை என்று எனக்குத் தெரியாதா? வாசல் வரை போய் வழியனுப்பினேன். சிரித்துக்கொண்டேதான் வழியனுப்பினேன்.

திரும்பி வந்து, என்ன செய்வதென்று தெரியாமல், வழக்கம்போலக் கீறலைத் திறந்தேன். வெயில் பலகை தண்ணீருக்குள் இறங்கியது. உள்ளே ஒன்றுமே இல்லை. ஒரு பொறி, ஒரு துணுக்கு கிடையாது. தண்ணீர் ஓடுகிறதா, நிற்கிறதா என்றுகூடச் சொல்ல முடியவில்லை. மேலே இருந்த டிரம்மை எட்டிப் பார்த்தேன். அடியில் துளி சேறு இல்லை, விளிம்பில் வெள்ளையாக ஏதோ தீற்றியிருந்தது. தொட்டு மோந்து பார்த்தேன். தேத்தாங்கொட்டை விழுது.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. பெங்களூர், அந்தப் பத்துப் பேர், டீ, சண்டை எல்லாம் ஒரு கொட்டையில் போயிற்று. அவள் வரட்டும், நாலு கேள்வி நறுக்கென்று கேட்கிறேன் என்று கறுவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வந்தாள். குடத்தைக்கூட இறக்காமல் வாசலிலேயே நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"தண்ணி எப்படி இருந்துச்சு டீச்சரம்மா? பெரியவுக என்ன சொன்னாக?"

நான் எழுந்து நின்றேன்.

"நேத்து நீங்க போனதும் வாட்ச்மேன்கிட்டச் சொல்லித் தெறக்கச் சொன்னேன். வெளியூர்லருந்து வாரவுகளுக்கு அந்தச் சேத்துத் தண்ணியவா காட்டுறது? நம்மள என்ன நெனப்பாக? கொட்டையக் கல்லுல ஒரசி ஒரசி என் கையே போச்சு, போங்க. காலையில வந்து அடியில படிஞ்ச சேத்தக் கழுவிக் கொட்டிட்டு, வேட்டித்துணிய ரெண்டா மடிச்சு மறுபடியும் வடிகட்டி ஊத்துனேன். நல்லா இருந்துச்சா இல்லையா, அதைச் சொல்லுங்க."

உள்ளங்கையைக் காட்டினாள். தோல் உரிந்து சிவந்திருந்தது.

எனக்காக ஒருத்தி கை நோக ஒரு வேலை செய்து எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்தேன். அம்மா இருந்தபோது செய்திருப்பாள். வைத்திருந்த நாலு கேள்வியும் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"இம்புட்டு நல்ல தண்ணிய எங்கயும் பாத்ததில்லன்னு சொன்னாருக்கா" என்றேன். அது முழுப் பொய்கூட இல்லை.

மறுநாளே பேராசிரியருக்கு நடந்ததை எழுதிப் போட்டேன். தண்ணீர் அளவுக்கு மீறிச் சுத்தமாகிவிட்டது, இன்னொரு முறை பார்க்கலாமா என்று கேட்டிருந்தேன். பதில் வரக் கொஞ்ச நாள் ஆயிற்று. இடம் நிரம்பிவிட்டதாம், மிகவும் வருந்துகிறாராம். தேத்தாங்கொட்டைக் கதையைக் கூடத்தில் சொன்னாராம், எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். நல்ல மனசோடுதான் எழுதியிருந்தார். ஆனால் டீ குடித்துக்கொண்டே என் கதையைச் சொல்லிச் சிரித்திருப்பார்கள், அங்கே நான் இல்லை. அந்த வரியில்தான் எனக்கு மனசு உடைந்துபோயிற்று.

ஆனால் இந்தப் பக்கம் ஒன்று நடந்தது. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அக்கா என்னிடம் பேச ஆரம்பித்துவிட்டாள். பெரியவர் பாராட்டிய தண்ணீருக்குச் சொந்தக்காரி அல்லவா! அந்த ஒரு நாளைக்குத்தான் விசேஷமாகச் செய்தது என்று, மறுபடி பழைய தண்ணீரையே என் டிரம்மில் ஊற்றினாள். ஊற்றிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்பாள்: "இன்னைக்கு எம்புட்டு வேகம், டீச்சரம்மா?"

நான் சொல்வேன். "நேத்தவிடக் கூடுதலா, கொறச்சலா?" என்பாள். "ஓரத்துல ஏன் மெதுவாப் போகுது?" என்று அவள் ஒரு நாள் கேட்டுவிட்டாள்! கண்ணாடி தண்ணீரைப் பிடித்து இழுக்கிறது என்றேன். "அதுவும் சரிதேன். சந்தையில செவுத்த ஒட்டிப் போனா உரசிக்கிட்டே போகணும், நடுவுல போனா விறுவிறுன்னு போயிறலாம்" என்றாள். அன்று அறைக்குப் போகிற வழியெல்லாம் நான் தானாகச் சிரித்துக்கொண்டு போனேன். சாயங்காலம் ஆனால் குடத்துச் சத்தத்துக்குக் காது வைத்துக் காத்திருக்க ஆரம்பித்தேன். பெங்களூர் போனால் போகிறது என்றுகூட ஓரிரு நாள் தோன்றியது.

அரைப் பரீட்சை லீவு வந்தது. கல்லூரியில் ஈ காக்கை இல்லை. நான் மட்டும் போய்க்கொண்டிருந்தேன், அவளும் செடிகளுக்கு ஊற்ற வந்துகொண்டிருந்தாள். ஒரு நாள் காலை பத்து மணி வெயிலில், "அப்படி என்னதேன் பாக்குறீக அந்த இருட்டுக்குள்ள? எனக்கும் காட்டுங்களேன்" என்றாள்.

எனக்கு இருந்த சந்தோஷத்தில் வேறெதுவும் நினைவுக்கு வரவில்லை. உள்ளே கூட்டிப்போய், கதவை அடைத்து, அடைப்பைத் திறந்துவிட்டேன். வெயில் தண்ணீருக்குள் இறங்கியதும் பொறி பொறியாகக் கிளம்பி ஓடின.

"ஆத்தாடி!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். குனிந்து கண்ணாடியோடு முகத்தை ஒட்டி வைத்துப் பார்த்தாள். "எம்புட்டு அழகா இருக்கு! என்னம்மா இது?"

"தூசிக்கா. தண்ணியில இருக்கிற மண்ணு. தண்ணி ஓடுறது நம்ம கண்ணுக்குத் தெரியாது. இது ஓடுறத வச்சுத்தான் தெரியும். பெரியவர் கொண்டாந்த சிவப்பு வெளிச்சத்துக்கும் இதுதான் வேணும். இது இல்லேன்னா ஒண்ணுமே..."

அங்கேதான் நிறுத்தினேன். நிறுத்தியதுதான் தப்பாகப் போயிற்று.

அவள் நிமிரவில்லை. கொஞ்ச நேரம் பொறிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "அன்னைக்கு இது எதுவும் இருந்திருக்காதே" என்றாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா..."

"அவரு உங்களக் கூட்டிட்டுப் போகத்தான வந்தாரு? வாட்ச்மேன் சொன்னான். போயிருப்பீகள்ல?"

நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். எதையாவது சொல்லியிருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் பதில் சொல்லுகிற வாய்க்கு அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அவள் தன் உள்ளங்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "கதவத் தெறங்கம்மா, செடிக்கு ஊத்தணும்" என்றாள்.

மறுநாளிலிருந்து எனக்கென்று ஒரு குடம் தனியாக வந்தது. குளத்தில் அடியோடு கலக்கி எடுத்த தண்ணீர். வேறு யாராவது தொட்டால், "அது டீச்சரம்மா தண்ணி, கைய வைக்காதீக" என்று அதட்டுவாளாம். வாசலுக்கு வெளியே இறக்கி வைத்துவிட்டுப் போய்விடுவாள். படியேறி உள்ளே வருவதில்லை. நான் எத்தனையோ முறை கூப்பிட்டேன். கோபமே இல்லையக்கா, போனது போகட்டும், வந்து பாரு என்று கெஞ்சக்கூடச் செய்தேன்.

"வேணாம்மா. நான் உள்ள வந்தா தண்ணி தெளிஞ்சுரும்" என்றாள்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் வாசலுக்கு வந்து நின்றுகொண்டு, அவள் கேட்காமலே, அன்றைய வேகத்தைச் சத்தமாகச் சொன்னேன். நேற்றைவிடக் கூடுதல் என்றும் சொன்னேன். காலிக் குடத்தோடு படியிறங்கிக்கொண்டிருந்தவள் ஒரு நொடி நின்றாள். "சரிங்கம்மா" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.